தேயிலைத் தூரில் கிடக்கும் சின்ன விரியன்



பாம்பு என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது படமெடுக்கும் நாகம்தான். கும்பிடுவதும் அதைத்தான், பிள்ளைகளுக்குப் பயங்காட்டுவதும் அதை வைத்துத்தான். ஆனால் கொழுந்து மலையில் நம்ம ஆட்களை அதிகமாகக் கடிப்பது நாகமல்ல. ஒரு முழம் நீளமே உள்ள, காய்ந்த இலை நிறத்தில் கிடக்கும் ஒரு சின்ன விரியன். தலை முக்கோணமாக இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கினாற்போல் இருக்கும். சிங்களத்தில் குணகட்டுவா என்றும் பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள். தமிழில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் சின்ன விரியன் என்றே எழுதுகிறேன்.

இதில் மூன்று வகை இலங்கையில் உண்டு. அவற்றில் இரண்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பகலில் தேயிலைத் தூரில், சருகுக்குள் சுருண்டு படுத்திருக்கும். பொழுது சாய்ந்தால்தான் இரை தேடும். குட்டி விரியன் தன் வால் நுனியைப் புழு மாதிரி ஆட்டி, தவளையையும் பல்லியையும் பக்கத்தில் வரவழைத்துப் பிடிக்கும். முட்டையிடாது, குட்டிதான் போடும். ஆள் வரும் சத்தம் கேட்டாலும் ஓடாமல் அசையாமல் கிடப்பது இதன் குணம். சருகுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் புல் பிடுங்கும் கையும், நிரையில் நடக்கும் காலும் நேராக இதன் மேல் போய் விழுகின்றன.

கடித்தால் என்ன ஆகும்? கடித்த இடம் கடுத்து வீங்கும். சிலருக்குக் கொப்புளம் போட்டு, தோல் கறுத்து அழுகும். பலருக்கு இதோடு முடிந்துவிடும். இந்த ‘பலருக்கு’ என்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம். ஒரு சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போயிருக்கிறது. யாருக்கு எப்படி ஆகும் என்று கடித்த இடத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாகம் என்றால் அலறியடித்து ஓடுகிறோம். இதுக்கு மட்டும் மஞ்சளைப் பூசிவிட்டு அடுத்த நிரைக்குப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாதே என்ற கவலை எனக்கும் தெரியும். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போனால் ஒரு நாள் பேரோடு போகாது.

இனி, அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கு வருவோம். “சேர், பாம்பு கடிச்சி போனா விஷ ஊசி போடாம சும்மா படுக்க வச்சிருக்காங்க. அதுக்கு வீட்டுலயே படுத்துக்கலாமே?” என்று கேட்கும் அக்காமார் பலர். ஏழைத் தோட்டத்து ஆள் என்பதால் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, துண்டு வெட்டாமலே வந்துவிடுகிறவர்களும் உண்டு.

விஷயம் இதுதான். விஷமுறிவு ஊசி எல்லாப் பாம்புக்கும் பொதுவான மருந்து அல்ல. பாம்பின் விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அந்தக் குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள். எந்தப் பாம்பின் விஷத்தை ஏற்றினார்களோ அதற்குத்தான் அது கேட்கும். நம் ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் ஊசி இந்தியாவிலிருந்து வருகிறது. அது நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. நம்ம சின்ன விரியனின் விஷத்தை அது முறிக்காது. தேயிலைச் செடியில் பச்சையாய்ச் சுற்றிக் கிடந்து கொழுந்தெடுக்கும் விரலைக் கடிக்கிறதே பச்சை விரியன், சிங்களத்தில் பலா பொலங்கா, அதற்கும் கேட்காது. கேட்காத ஊசியைப் போட்டால் பிரயோசனம் இல்லாததோடு, உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, பிரஷர் இறங்கி ஆபத்தும் வரலாம். ஆகவே ஊசி போடாமல் வைத்திருக்கும் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

சும்மாவும் வைத்திருக்கவில்லை. கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டிப்படாமல் தண்ணீராய் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். இதெல்லாம் லயத்தில் படுத்துக்கொண்டு நடக்காது. டாக்டர் போகச் சொல்லும்வரை இருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சிறுநீர் குறைந்தாலோ, கறுத்துப் போனாலோ, முகம் வீங்கினாலோ, முரசில் இரத்தம் கசிந்தாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

விஷக்கல் வைக்கிற, பார்வை பார்க்கிற பெரியவர்களை நான் இகழவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சின்ன விரியன் கடித்தவர்களில் பெரும்பாலோர் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயர் கல்லுக்குப் போய்ச் சேர்கிறது.

மலையில் ஒருவரைக் கடித்துவிட்டால் முதலில் பாம்பை விட்டு விலகி உட்கார வையுங்கள். வளையல், மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழராது. எலும்பு முறிந்தால் கம்பு வைத்துக் கட்டுவது போல் அந்தக் கை காலை அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுப்போடுவது, பிளேட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். விரியன் கடிக்கு இறுக்கிக் கட்டினால் தசை இன்னும் மோசமாக அழுகும். நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். கொழுந்து லொறி பக்கத்தில் நின்றால் அதையே பிடியுங்கள், அல்லது 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்கியதும் உண்டு. தூரத்தில் நின்று போனில் ஒரு படம் பிடிக்க முடிந்தால் போதும், டாக்டருக்கு அது பெரிய உதவி.

கட்டு விரியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதையும் கவனமாகப் படியுங்கள். அது இராத்திரியில் காம்பராவுக்குள் வந்து தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி தெரியாது, பல் பட்ட அடையாளமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும்பி, கண் இமை தானாக மூடினால், பேச்சுக் குழறினால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். இதற்கு மேலே சொன்ன ஊசி உண்டு. முடிந்தவரை கட்டிலில் படுங்கள். தரையில்தான் படுக்க வேண்டுமென்றால் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். நுளம்புக்குப் போட்ட வலை பாம்பையும் தடுக்கும்.

லயத்துச் சுவரோடு விறகை அடுக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி அடுக்குங்கள். மிஞ்சிய சோற்றைக் கானில் கொட்டினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கவ்வாத்து வாதுகளைக் கம்பால் தட்டிவிட்டுத் தூக்குங்கள். புல் பிடுங்கும்போதும் சருகைக் கம்பால் கிளறிவிட்டுக் கை வையுங்கள். பூட்ஸ் போட்டால் சின்ன விரியன் கடியில் பெரும்பகுதி குறையும். தோட்ட நிர்வாகம் கொடுக்கும் பூட்ஸைத் திருவிழாவுக்கென்று பெட்டியில் வைப்பவர்களையும் எனக்குத் தெரியும்!

வேலை நேரத்தில் கடித்திருந்தால், எந்த மலை, எத்தனை மணி, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதை அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டையும் மழையில் நனையாமல் பத்திரமாக வையுங்கள். பிறகு நட்டஈடு கேட்கும்போது இந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.