வெண்பனியின் ஒளிக்கணக்கு

பனி மூடிய மலையைப் படம் எடுத்துவந்து திரையில் போட்டுப் பார்க்கிறவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். நேரில் கண்ணைக் கூசவைத்த வெண்மையைக் காணோம். படம் முழுக்க மூட்டமான சாம்பல் நிறம். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. எதிரே கிடப்பது பனி என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எந்தக் காட்சியையும் கூட்டிச் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்ற கணக்கில்தான் கேமராவின் ஒளிமானி வேலை செய்கிறது. மரம், சுவர், முகம், சாலை எல்லாம் கலந்த காட்சிக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். ஒளிப்படத் துறையின் நெடுநாள் வழக்கப்படி, அந்த நடுத்தரச் சாம்பல் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது. புதிதாகப் பெய்த பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெளிச்சம் மிதமிஞ்சி வருகிறது என்று கேமரா எண்ணிக்கொண்டு ஒளியைக் குறைத்துவிடுகிறது. வெள்ளை சாம்பலாவது அப்படித்தான்.

இதற்குப் பரிகாரம் எளிது. கூட்டல், கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் திருத்தம் பெரும்பாலான கேமராக்களில் இருக்கும். அதைக் கூட்டல் பக்கம் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஏற்றினால் பனி தன் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரட்டிப்பாகும். அளவு மீறினால் வெள்ளை ‘ஓவர்’ ஆகி, பனியின் மேடுபள்ளமெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத்தாள் மிஞ்சும். அதனால், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் குவியல் வலது ஓரத்தை நெருங்க வேண்டும். ஓரத்தில் முட்டக் கூடாது.

குளிர்கால நிலக்காட்சிப் படக்கலை இந்தச் சின்னத் திருத்தத்தில்தான் தொடங்குகிறது என்பேன். கருவி சொல்வதை அப்படியே ஏற்காமல், இந்தப் பனி எவ்வளவு வெள்ளையாக இருக்கவேண்டும் என்று நாமே முடிவு செய்கிற முதல் இடம் அது. இந்தக் கலையில் பேர்பெற்றவர்கள் எல்லோரும் இந்த முடிவை ஏதோ ஒரு வகையில் தாங்களே எடுத்தவர்கள்தான்.

வெள்ளைக்குள் நீலம்

ஒரு துண்டுப் பனிக்கட்டிக்கு நிறமில்லை. ஆனால் பெய்து குவிந்த பனியில் எண்ணற்ற நுண்படிகங்கள் காற்றோடு கலந்து கிடக்கின்றன. உள்ளே நுழையும் ஒளி படிகத்துக்குப் படிகம் பட்டுச் சிதறி, எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சம அளவில் வெளியே திரும்புகின்றன. அந்தக் கலவையே வெண்மை. இதனால் பனிக்கு இன்னொரு குணமும் வாய்க்கிறது: எந்த நிற ஒளி விழுகிறதோ அந்த நிறத்தை அது வாங்கிக் காட்டும்.

காலை வெயில் படும் மேட்டில் பனி பொன்னிறமாகத் தெரியும். பக்கத்திலேயே நிழல் விழுந்த பள்ளத்துக்கு நேர்வெயில் எட்டாது. வானத்திலிருந்து இறங்கும் நீல ஒளி மட்டுமே எட்டும். எனவே அந்த நிழல் நீலம். நம் மூளை அதைத் திருத்தி வெள்ளையாகவே நினைத்துக்கொள்ளும். கேமரா நீலத்தை நீலமாகவே பதிவுசெய்யும். பனிப்படத்தின் நீல நிழலைக் குறையென்று எண்ணி முழுவதும் நீக்கிவிடுகிறவர்கள், அந்த நிலத்தின் குளிரையே நீக்கிவிடுகிறார்கள்.

வடதுருவத்தை நெருங்கிய நாடுகளில் குளிர்காலச் சூரியன் பகல் முழுவதும் தாழ்வாகவே நகரும். பக்கவாட்டில் வரும் அந்த ஒளியில், காற்று கீறிவிட்டுப்போன சின்ன வரிகள்கூட நீண்ட நிழல் போடும். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் டிசம்பரையொட்டிச் சில வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. ஆனாலும் நண்பகலையொட்டிச் சில மணி நேரம் வானம் வெளுத்து, மலை, கடல், பனி எல்லாவற்றின் மேலும் நீலம் படரும். ரைனே போன்ற மீனவ ஊர்களின் சிவப்புக் குடில்கள் அந்த நேரத்தில்தான் எடுப்பாகத் தெரியும். உலகெங்கும் இருந்து ஒளிப்படக் கலைஞர்கள் அங்கே போவது இந்த இரு நிறங்களுக்காகவும்தான்.

கடைசித் தகடு

1927ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில், 25 வயது ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நண்பர்களோடு பனிச்சரிவில் ஏறி ஒரு பாறை முனைக்கு வந்து சேர்ந்தார். எதிரே ஹாஃப் டோம் மலையின் செங்குத்தான கல்முகம் நின்றது. கொண்டுபோயிருந்த 12 கண்ணாடித் தகடுகளில் அப்போது மிச்சமிருந்தவை இரண்டு. மஞ்சள் ஃபில்டர் மாட்டி ஒன்றைப் பதிவுசெய்தார். செய்த கையோடு ஒன்று உறைத்தது: படம் பிழையில்லாமல் வந்துவிடும், ஆனால் அந்த மலையின் முன்னால் நின்றபோது தனக்குள் எழுந்த பிரமிப்பு அதில் வராது.

கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். எனவே நீல வானம் ஏறத்தாழக் கருப்பாகும். வானத்தின் நீலத்தை வாங்கிய நிழல்களும் கூடவே கருக்கும். வெயில் பட்ட பனி மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்த ஃபில்டர் ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடுவதால் 5 விநாடிகள் திறந்து வைத்தார். ‘மோனோலித்’ என்று புகழ்பெற்ற படம் அதுதான். ஷட்டரைத் தொடுவதற்கு முன்பே, அச்சில் வரப்போகும் படத்தை மனத்தில் காண்பது என்பதை அன்றுதான் கண்டுகொண்டதாக ஆடம்ஸ் பின்னாளில் சொல்லிவந்தார்.

1940ஐ ஒட்டி சக ஒளிப்படக் கலைஞர் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து அவர் அதை ஒரு முறையாகவே வகுத்தார். முழுக் கருப்பு 0; முழு வெள்ளை 10; நடுத்தரச் சாம்பல் 5. அடுத்தடுத்த படிகளுக்கு இடையே ஒரு ஸ்டாப் வித்தியாசம். பக்கவெயிலில் மேடுபள்ளம் தெரியும் பனிக்கு 7, அதைவிட வெளுத்த பனிக்கு 8. ஒளிமானி பனியை 5இல் வைக்கிறது. நாம் இரண்டு ஸ்டாப் ஏற்றும்போது அதை 7க்குக் கொண்டுபோகிறோம். ஆடம்ஸ் செய்ததும் இதே கணக்குதான்.

இருட்டில் ஒரு கப்பல்

ஒளி இருந்தால் கணக்குப் போடலாம், ஒளியே இல்லாவிட்டால்? 1915 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய ஒளிப்படக் கலைஞர் ஃபிராங்க் ஹர்லிக்கு அந்த நிலைதான். துருவப் பயணி ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் அண்டார்டிகாவின் வெட்டல் கடலில் பனிப்பாளங்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. துருவக் குளிர்காலத்து இருள். ஹர்லி கப்பலைச் சுற்றியிருந்த பனிமேடுகளின் பின்னால் 20 வரையிலான ஃபிளாஷ் வெடிகளை மறைத்து வைத்து வெடிக்கச் செய்தார். அந்த வெளிச்சத்தில் கண் மங்கி, தட்டுத்தடுமாறிப் பனிக்குவியலுக்குள் விழுந்தார். ஆனால் படம் பதிந்துவிட்டது: கரிய வானத்தின் முன்னே, பாய்மரமும் கயிறுகளும் உறைபனி படிந்து வெள்ளை வெளேரென்று நிற்கும் கப்பல்.

இரண்டு மாதங்களில் பனி அந்தக் கப்பலை நொறுக்கியது. நீர் புகுந்த கப்பலுக்குள் ஹர்லி இறங்கி நெகட்டிவ் பெட்டிகளை மீட்டார். எல்லாவற்றையும் சுமந்து செல்ல வழியில்லை. ஷாக்கிள்டனோடு உட்கார்ந்து சுமார் 120 தகடுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 400 அளவிலானவற்றை அங்கேயே உடைத்துப் போட்டார். எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி ஒளிப்படக் கலைஞர் எவருக்கும் அவ்வளவு கடுமையாக வந்திருக்காது.

ஒரே மரம்

கைவிடுவதையே கலையாக்கியவர் இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் கென்னா. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பல குளிர்காலங்கள் படம் எடுத்தவர். குஷாரோ ஏரிக்கரையில் நின்ற ஒரு மரத்தை அவர் மறுபடி மறுபடி போய்ப் படம் எடுத்தார். பனி சாலையை மூடும், புல்லை மூடும், வேலியின் அடிப்பாகத்தையும் மூடும்; மிஞ்சுவது ஒரு கோடும் தூரமும்தான். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து அலைகளையும் அவர் கரைத்துவிடுவார். காட்சியில் பொருள் குறையக் குறைய, இருக்கும் ஒன்றின் கனம் கூடுகிறது.

பெய்யும் பனியையும் ஷட்டரே ஆள்கிறது. 1/250 விநாடியில் துகள்கள் அந்தரத்தில் உறைந்து நிற்கும். 1/30 விநாடிக்கு இறக்கினால் கோடுகளாக நீளும். எது வேண்டும் என்பதை, அன்று பனி மெல்ல இறங்குகிறதா, காற்றோடு வீசியடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

குளிரில் கருவி

கடுங்குளிரில் பேட்டரிக்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, சார்ஜ் சட்டென்று இறங்கும். மாற்று பேட்டரியை உடம்பை ஒட்டிய உள்பையில் வைத்திருக்க வேண்டும். தீர்ந்ததாகத் தோன்றும் பேட்டரியும் சூடுபட்டால் ஓரளவு மீளும். வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் வரும்போது, அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கேமராவின் மேல் நீராகப் படியும். நுழையும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால் ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் பிழைக்கும். இன்னொன்று, காலடி. ஒரு முறை மிதித்த பனியைத் திருத்த முடியாது. எங்கே நிற்பது என்று முடிவு செய்தபிறகே நடக்கத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பழகப் பனிநாட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை. ஜனவரி விடியலில் ஊட்டி புல்வெளியில் படியும் உறைபனிக்கும், தூத்துக்குடி உப்பளத்தின் வெள்ளைக் குவியலுக்கும் ஒளிமானி இதே பிழையைத்தான் செய்யும். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, அதன் நிறம் என்ன, எதை வெள்ளையாக விடுவது, எதைப் படத்திலிருந்து விலக்குவது என்ற நான்கு கேள்விகளோடு ஒரே இடத்துக்குப் பலமுறை போய்வாருங்கள். உந்துதல் புது இடத்திலிருந்துதான் வரும் என்று காத்திருப்பவருக்கு ஒவ்வொரு பயணத்திலும் அது புதிதாகத் தேவைப்படும். ஒளியைப் படிக்கக் கற்றவருக்கோ, தெரிந்த இடமே அடுத்த வேளையில் வேறொரு படத்தைத் தரும்.