ஈரலில் ஒளிந்திருக்கும் வேர்

லாலான் புல் மண்டிய நிலத்தைத் திருத்திப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பாராங் கத்தியால் எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அது சாவதில்லை. மேலே தெரிவது இலை மட்டுமே. உயிர் மண்ணுக்கடியில் இருக்கிறது. இரண்டு மழை பெய்தால் போதும், வெட்டிய சுவடே தெரியாமல் மறுபடியும் தலை நீட்டும்.

கல்லீரல் புற்றுநோயும் அப்படிப்பட்டதுதான். “கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னாரே, பிறகு எப்படித் திரும்ப வந்தது?” என்று கண்ணீரோடு கேட்கும் குடும்பங்கள் எத்தனையோ. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இந்நோய் திரும்பி வருகிறது. டாக்டரின் கைக்குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலில் புதிய கட்டி முளைப்பது ஒரு காரணம். பழைய கட்டியின் ‘வேர்’ எங்கோ தங்கிவிடுவது இன்னொரு காரணம்.

அந்த வேர் எது?

கட்டியில் உள்ள எல்லா உயிரணுக்களும் ஒரே குணம் கொண்டவை அல்ல. பெரும்பாலானவை சில காலம் பெருகி ஓய்ந்துவிடும். மிகச் சிலவோ தம்மையே புதுப்பித்துக்கொண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் புதிய கட்டியை உண்டாக்க வல்லவை. இவற்றைப் புற்றுநோய் மூல உயிரணுக்கள் என்கிறார்கள். ‘ஸ்டெம் செல்’ என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கவே பெரும்பாலான புற்றுநோய் மருந்துகள் செய்யப்பட்டன. மூல உயிரணுவோ பெரும்பாலும் அசையாமல் பதுங்கியிருக்கும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடவும் அதற்குத் தெரியும். மருந்து ஓய்ந்த பிறகு மெல்ல எழுந்து வேலையைத் தொடங்கும்.

சரி, ஓர் உயிரணு வேராக இருப்பதும், ஒழுங்காக முதிர்ந்து ஈரல் வேலை பார்ப்பதும் யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடையை ஒரு புழு கொடுத்தது!

சீட்டைப் பிடித்து வைப்பவன்

தோட்டத்து ஆபீஸை நினைத்துப் பாருங்கள். பெரிய பதிவேடு அங்கேதான் இருக்கும், வெளியே போகாது. அதைப் பார்த்துக் கிராணி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டு மண்டோரின் கைக்கு வந்த பிறகுதான் வேலை நடக்கும். நம் உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். டி.என்.ஏ. என்பது பதிவேடு. அதைப் பார்த்து எழுதப்படும் சீட்டு ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டின்படி புரதங்கள் தயாராகின்றன.

இடையில் ஒருவன் நின்று சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால்? வேலை நின்றுவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்வது அதைத்தான். ஏறக்குறைய 22 எழுத்துகளே கொண்ட சின்னஞ்சிறு துண்டு அது. ஆனால் ஒரே துண்டு நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தடுக்க முடியும்.

இதை முதலில் கண்டவர்கள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை ஆராய்ந்து 1993-ல் இதை வெளியிட்டார்கள். இந்தத் துண்டு கெட்டுப்போன புழு, குஞ்சுப் பருவத்து வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது, முதிரவே இல்லை. “இது புழுவின் விசித்திரம்” என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000-ல் அதே வகையைச் சேர்ந்த மற்றொரு துண்டு மனிதரிடமும் இருப்பது தெரிந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

முதிர மறுக்கும் புழு. முதிர மறுக்கும் புற்றுநோய் உயிரணு. ஒற்றுமை தெரிகிறதல்லவா?

காவலனும் கூட்டாளியும்

நம் ஈரலில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஒரே இனம். அதன் பெயர் மிர்-122. உயிரணுவை முதிர்ந்த ஈரல் உயிரணுவாக வைத்திருக்கும் காவலன் இது. பல கல்லீரல் புற்றுக் கட்டிகளில் இதன் அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2012-ல் அமெரிக்காவிலும் தைவானிலும் இரு குழுவினர் இந்தக் காவலன் இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். முதலில் ஈரலில் கொழுப்பு படிந்தது. பிறகு வீங்கிப் புண்ணானது. வயதானபோது புற்றுநோயே வந்துவிட்டது.

திருடனுக்குத் துணை போகும் துண்டுகளும் உண்டு. ஹாங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சி.டி.133 என்ற அடையாளம் தாங்கிய ஈரல் புற்று மூல உயிரணுக்களில் மிர்-130பி மிகுந்திருப்பதை 2010-ல் காட்டினார்கள். கட்டியை அடக்கும் ஒரு புரதத்தின் சீட்டை இது தடுத்துவிடுகிறது. இதைச் சாதாரணப் புற்றணுவுக்குள் மிகுதியாக்கினால், அதுவும் மருந்துக்கு அசையாத வேராக மாறத் தொடங்கியது. மூல உயிரணுவில் இதை அடக்கினால் அதன் வீரியம் குறைந்தது.

மருந்தாகுமா?

குறைந்ததைக் கொடுத்தால் என்ன? 2009-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், ஈரல் புற்று வந்த எலிகளுக்கு மிர்-26ஏ என்ற துண்டைத் தீங்கற்ற வைரஸ் மூலம் செலுத்தினார்கள். கட்டிகள் அடங்கின, நல்ல உயிரணுக்களுக்குக் கேடு வரவில்லை.

ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. மிர்-34ஏ என்ற துண்டைப் போலச் செய்த மருந்து 2013-ல் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறிப் பாய்ந்து, உயிரிழப்பும் நேர்ந்ததால், 2016-ல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஒரே துண்டு நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தொடும் என்றோமே, அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால் இந்த வகை மருந்து எதுவும் கல்லீரல் புற்றுக்கு இன்னும் சிகிச்சையாக வரவில்லை. ஆகவே “ஸ்டெம் செல்லை அழிக்கும் ஊசி” என்று யாராவது விலை பேசினால் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நம் கையில் இருப்பது

வேர் விடுமுன் நிலத்தைக் காப்பது நம்மால் ஆகும். ஈரல் புற்றுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹெப்படைட்டிஸ் பி கிருமி. தைவான் 1984-ல் பிறந்த குழந்தைகளுக்கு இதன் தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. பிள்ளைகளிடையே ஈரல் புற்று கண்கூடாகக் குறைந்தது. சிங்கப்பூரில் 1987-லும் மலேசியாவில் 1989-லும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே வளர்ந்தவர்கள். கிருமி பல்லாண்டுகள் வலியே இல்லாமல் உள்ளே கிடக்கும்.

ஆகவே ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். கிருமி இருந்தால் அடக்கி வைக்க மாத்திரை உண்டு. ஹெப்படைட்டிஸ் சி என்றால் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகும். கிருமியால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் ஈரல் சுருங்கியவர்களும் டாக்டர் சொன்னபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பது நல்லது. கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம். சம்சுவை விட்டொழியுங்கள். இனிப்பு நீரும் உடல் பருமனும் ஈரலைக் கெடுக்கும் என்பதை மறவாதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையை, காசு போகிறதே என்று பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

விஞ்ஞானிகள் வேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், தேடட்டும். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் ஒன்று கேளுங்கள்: “ஈரல் கிருமிக்கு இரத்தம் சோதித்ததுண்டா?” இல்லை என்று பதில் வந்தால், அடுத்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.