வழக்கு சென்னையில், ஆதாரம் கலிஃபோர்னியாவில்: வெளிநாட்டு சர்வரில் இருக்கும் தகவல் நம்ம கோர்ட்டுக்கு எப்படி வருது?

ஓர் உதாரணம். பட்டினப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு ஐ.டி. ஊழியருக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரில் போலீஸ் யூனிஃபார்ம். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. கேமராவை ஆஃப் பண்ணாதீங்க." ஜிமெயிலில் போலி சம்மனும் வருகிறது. சாயங்காலத்துக்குள் சேமிப்பு மொத்தமும் முன்பின் தெரியாத 3 கணக்குகளுக்குப் போய்விடுகிறது.

பேசியவர் கம்போடியாவிலோ மியான்மரிலோ ஒரு மோசடி முகாமில் இருக்கலாம். ஜிமெயில் விவரம் கூகுளிடம். வாட்ஸ்அப் விவரம் மெட்டாவிடம். இரண்டுமே கலிஃபோர்னியா நிறுவனங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டும்தான் சென்னையில் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும்?

'யார்' என்பது சுலபம், 'என்ன' என்பதுதான் சிக்கல்

டிஜிட்டல் ஆதாரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு கணக்கை யார் தொடங்கினார், எந்த போன் நம்பர், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து உள்ளே வந்தார் என்பதெல்லாம் முதல் வகை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-வது பிரிவின் கீழ் விசாரணை அதிகாரி நோட்டீஸ் அனுப்பினால், அமெரிக்க நிறுவனங்கள் இதை நேரடியாகவே கொடுக்க அவர்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. கட்டாயம் இல்லை. தங்கள் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்றால் மறுத்துவிடுவார்கள்.

மெயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது, டிரைவில் என்ன ஃபைல் இருக்கிறது என்பது இரண்டாவது வகை. இதற்கு அமெரிக்க நீதிபதி ஒருவர் வாரண்ட் கொடுக்க வேண்டும். சென்னை நீதிமன்ற உத்தரவை நேராக அங்கே அனுப்பி வேலை ஆகாது. வாட்ஸ்அப் மெசேஜ் என்றால் அதுவும் இல்லை. இருமுனை மறையாக்கம் இருப்பதால், அனுப்பிய செய்தியில் என்ன இருந்தது என்பதை நிறுவனமே படிக்க முடியாது. வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற வாதம் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி 'முடியும்' என்று ஒரு வழியை முன்வைத்தார். அந்த வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

கடிதம் போகும் பாதை

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் உண்டு. 2001 அக்டோபரில் கையெழுத்தாகி, 2005-ல் அமலுக்கு வந்தது. சென்னை போலீஸ் தயாரிக்கும் கோரிக்கை மாநில உள்துறை வழியாக டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். அங்கிருந்து அமெரிக்க நீதித் துறை. அவர்கள் சரிபார்த்து, அரசு வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து, அவர் நீதிபதியிடம் வாரண்ட் வாங்கி, நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். கிடைத்த தகவல் அதே பாதையில் திரும்பி வரும். அமெரிக்க அதிபர் அமைத்த ஒரு ஆய்வுக் குழுவே 2013-ல், இப்படி வரும் வெளிநாட்டுக் கோரிக்கையை முடிக்க சராசரியாக 10 மாதம் ஆகிறது என்று எழுதியது.

10 மாதத்தில் மோசடிக் கும்பல் எத்தனை சிம் மாற்றியிருக்கும்! அதனால்தான் கோரிக்கைக்கு முன்பே 'அழிக்காமல் வையுங்கள்' என்று ஒரு கடிதம் போக வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள் 90 நாள், புதுப்பிக்கலாம். இந்த ஒரு கடிதம் லேட்டானால், பின்னால் எவ்வளவு அழகாக மனு எழுதினாலும் அங்கே கொடுப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அப்பாவியைச் சிக்க வைக்கக்கூடியது: நேரம். வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. ஒரே ஐ.பி. முகவரியை மொபைல் நிறுவனங்கள் ஒரே சமயத்தில் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. நேரத்தை மாற்றிக் கணக்கிடாமல், போர்ட் எண்ணும் இல்லாமல் கேட்டால், வருவது வேறு யாரோ ஒருவருடைய பெயராக இருக்கும்.

இதில் அரசு வழக்கறிஞருக்கு என்ன வேலை?

இன்டர்போல் வழியாகவும் தகவல் வருமே என்று கேட்கலாம். வரும். இந்தியாவில் இன்டர்போலுக்கான தொடர்பு அமைப்பு சி.பி.ஐ.தான். டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 1-ல் உத்தரவிட்டதற்குப் பின்னால் இந்த எல்லை தாண்டிய தன்மையும் உண்டு. ஆனால் போலீஸுக்குப் போலீஸ் சொல்லும் தகவல், ஆளைத் தேடிப் பிடிக்க உதவும் துப்பு. கோர்ட்டில் அப்படியே சாட்சியமாக நிற்காது. எந்த ஆவணம், எந்தச் சான்றிதழோடு, எந்த வழியில் வந்தால் நிற்கும் என்று தெரிந்தவர் அரசு வழக்கறிஞர். எதிர்முனையில் கோரிக்கையைப் படிப்பவரும் ஒரு வழக்கறிஞர்தான். 'இந்தக் கணக்குக்கும் இந்தக் குற்றத்துக்கும் என்ன தொடர்பு?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத கோரிக்கை திரும்பி வந்துவிடும். சர்வதேச அரசு வழக்கறிஞர்கள் சங்கம் 2008-ல் மின்குற்றங்களுக்காகத் தனி வலையமைப்பு தொடங்கியதும் இதற்காகத்தான்: எழுதும் முன்பே அங்கே இருப்பவரிடம் பேசித் தெரிந்துகொள்ள.

எழும்பூர் காட்டிய குறுக்கு வழி

2004-ல் சென்னையில் ஒரு வழக்கு. விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாகப் பதிவு போடப்பட்டது. சர்வர் அமெரிக்காவில். சென்னை போலீஸ் 10 மாதம் காத்திருக்கவில்லை. சைபர் சட்ட நிபுணர் நா.விஜயசங்கர் அந்தப் பக்கத்தை இங்கேயே கணினியில் திறந்து, அச்செடுத்து, சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்றளித்தார். குற்றவாளி மும்பையில் பிடிபட்டார். சைபர் கஃபே உரிமையாளர்கள் சாட்சி சொன்னார்கள். எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5-ல் 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-வது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

பொதுவெளியில் தெரிந்த பதிவு என்பதால் அது சாத்தியமானது. பூட்டிய மெயில்பெட்டிக்கு அந்த வழி கிடையாது.

இலங்கை உள்ளே, இந்தியா வெளியே

சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை 2001-லேயே வந்துவிட்டது. உறுப்பு நாடுகளுக்கு 24 மணி நேரமும் தொடர்பு அலுவலர் உண்டு. தெற்காசியாவில் முதலில் சேர்ந்தது இலங்கை, 2015-ல். இந்தியா சேரவில்லை. உருவாக்கியபோது எங்களைக் கேட்கவில்லை, இன்னொரு நாட்டுக்குள் இருக்கும் தரவை எடுக்க வழிவிடும் பிரிவு இறையாண்மைக்கு இடிக்கிறது என்பவை காரணங்கள்.

மாற்றாக வந்தது ஐ.நா. உடன்படிக்கை. பொதுச்சபை 2024 டிசம்பர் 24-ல் ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் 70-க்கும் அதிகமான நாடுகள் கையெழுத்திட்டன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 40 நாடுகள் உறுதிசெய்தால்தான் அது அமலுக்கு வரும். கையெழுத்திட 2026 கடைசி வரை அவகாசம் இருக்கிறது. மனித உரிமை அமைப்புகளுக்கு இதில் பயம் உண்டு. விமர்சகர்களை வேட்டையாட விரும்பும் அரசும் இதே கதவைத் தட்டலாமே என்கிறார்கள். நியாயமான பயம்தான்.

உங்கள் கையில் இருப்பது

பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள். பணத்தை முடக்குவது வேறு, ஆதாரம் வேறு. சாட்டை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வந்த மெயிலை ஃபார்வேர்டு செய்வதைவிட, அசல் மெயிலை இன்பாக்ஸில் அப்படியே வைத்திருங்கள். அது வந்த பாதை அதன் தலைப்பு விவரங்களில் பதிவாகியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் 65-பி-க்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவு வந்துவிட்டது. சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி: ஒன்றில் சாதனத்தின் பொறுப்பாளர், இன்னொன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே எதையும் எடிட் செய்யாமல், போனோடு ஸ்டேஷனுக்குப் போங்கள்.