மழைக் கணக்கு சரிதானா?

மயிலாப்பூரில் மழை கொட்டும். அதே நேரத்தில் தி.நகரில் தரை காய்ந்து கிடக்கும். பார்த்திருப்பீர்கள்! நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் உள்ள வானிலைத் துறையின் மழைமானிகள்கூட ஒரே நாளில் வெவ்வேறு அளவைக் காட்டுவது உண்டு.

ஓர் ஊருக்குள்ளேயே இப்படியென்றால், காவிரிப் படுகையின் மழையை எப்படிக் கணக்கிடுவது? படுகை என்றால், விழும் மழைநீர் ஓடிவந்து ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்பு. காவிரிக்கு அது சுமார் 81 ஆயிரம் சதுர கி.மீ.!

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2004 முதல் சென்னைக்கு வீராணம் ஏரியிலிருந்தும் குடிநீர் வருகிறது. அந்த ஏரிக்கு வருவது பெரும்பாலும் காவிரி நீர். குடகு மலையில் மழை பொய்த்தால் அடையாறு வீட்டுக் குழாயிலும் தெரியும்!

வழக்கமான மழையில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வறட்சி. பாதிக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி. கணக்கு தவறினால், பயிர் கருகிய விவசாயிக்கு உதவி கிடைக்காமல் போகலாம்.

மழையை அறிய இரண்டு வழிகள் உண்டு.

மழைமானி: விழுந்த நீரையே அளப்பதால் நம்பலாம். ஆனால் மலைக்காடுகளில் மானிகள் குறைவு. வானிலைத் துறை நாட்டைச் சுமார் 25 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் தினசரி மழைக் கணக்கைத் தொகுத்துள்ளது. மானி இல்லாத கட்டத்துக்கு அக்கம்பக்கத்து மானிகளை வைத்துக் கணக்கிடுவார்கள்.

செயற்கைக்கோள்: 2014ல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஜி.பி.எம். செயற்கைக்கோளை ஏவின. இதையும் வேறு பல செயற்கைக்கோள்களையும் கொண்டு அரை மணிக்கு ஒரு மழை வரைபடம் தயாராகிறது. காடு, மலை எதுவும் தப்பாது. ஆனால் இது மழையை ஏந்தி அளப்பதில்லை. மேகத்தைப் பார்த்து மதிப்பிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரம் குறைந்த மேகங்களே மழையைக் கொட்டிவிடும். அதைச் செயற்கைக்கோள் குறைத்துச் சொல்வது உண்டு. காவிரி பிறப்பதோ அங்கேதான்!

அதனால் விஞ்ஞானிகள் இரண்டுக்கும் 'பரீட்சை' வைக்கிறார்கள். 2016ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்த வறட்சியைக் காட்டாத கணக்கை நம்ப முடியுமா? இப்படிப் பல ஆண்டுகளை ஒப்பிட்டு, எந்தக் கணக்கு எங்கே சரிவரும் என்று முடிவு செய்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்!

அடி தட்டையான, பக்கங்கள் நேரான கண்ணாடிப் பாத்திரத்தை மொட்டை மாடியில், சுவர் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குத் தேங்கிய நீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். நீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். வேறு பேட்டையில் இருக்கும் நண்பரின் கணக்கோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்!