குழந்தை உள்ளத்தில் சொல்லுறவு

ஒரு சொல்லைக் கூறி, அதைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் மற்றொரு சொல்லைச் சொல்லுமாறு முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 'பால்' என்றால் 'குடி' என்னும். 'இருட்டு' என்றால் 'பயம்' என்னும். பால்மரம் வெட்டும் வீட்டுப் பிள்ளையாயின் பாலுக்கு 'வெட்டு' என்று விடை வரினும் வியப்பில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோ 'தயிர்' என்றும் 'வெளிச்சம்' என்றும் கூறக் காண்கிறோம்.

உளநூலார் இதனை முன்பே ஆராய்ந்துள்ளனர். 1910இல் கெண்ட், ரோசனோஃப் என்னும் இருவர் பெரியவர் 1,000 பேரின் விடைகளையும், 1916இல் ஊட்ரோ, லோவல் என்பார் சிறுவர் 1,000 பேரின் விடைகளையும் ஆங்கிலத்தில் தொகுத்தனர். 'மேசை' என்பதற்குப் பெரியவரிடம் மிகுதியாக வந்த விடை 'நாற்காலி'. சிறுவரிடம் மிகுதியாக வந்ததோ 'உண்' என்பது.

இளம்பிள்ளை சொற்களை வாக்கியத்தில் அடுத்தடுத்து வரும் முறையில் இணைக்கிறது. வளர்ந்த பிள்ளை, ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரத்தக்க இனச்சொற்களை இணைக்கிறது. ஏறத்தாழ ஐந்து முதல் ஒன்பது வயதிற்குள் இம்மாற்றம் பெரிதும் நிகழ்கிறது. 'அம்மா பால் ஊற்றினாள்', 'அம்மா மோர் ஊற்றினாள்' எனப் பன்முறை கேட்ட செவியில், ஓரிடத்தில் மாறிமாறி வரும் சொற்கள் தாமே உறவாகின்றன என்பது 1961இல் சூசன் எர்வின் தந்த விளக்கத்தின் சாரம்.

வயது மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. பழக்கமில்லாத அருஞ்சொல்லைக் கொடுத்தால் பெரியவரும் சிறுவரைப் போலவே விடை கூறுகின்றனர். ஆகவே ஒவ்வொரு சொல்லும் உள்ளத்தில் தனித்தனியே முதிர வேண்டியுள்ளது.

எதிர்ச்சொல் கேட்டபோது 'சூடு – கொப்பளம்' என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையால் தவறிட்டு, மந்தமானவன் என்று பின்வரிசையில் இருத்துவது எவ்வளவு பெரிய அநீதி! அப்பிள்ளைக்குச் சூடு என்பதன் பொருள் நன்றாகவே தெரியும். எதிர்ச்சொல் என்னும் உறவுதான் இன்னும் பிடிபடவில்லை. (திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை நெட்டுருச் செய்வித்தனர். அதனால் நினைவாற்றல் வளர்ந்திருக்கலாம். பொருளுறவு உடன் வளர்ந்ததென்று நான் நம்பவில்லை.)

பட்டியலுக்கு முன் வாக்கியம் வரட்டும். 'காப்பி சூடாக இருக்கிறது' என்று கரும்பலகையில் எழுதி, 'சூடாக' என்பதை அழித்துவிட்டு, அவ்விடத்தில் வேறென்ன வரலாம் என்று கேளுங்கள். 'ஆறி', 'இனிப்பாக', 'கசப்பாக' என வகுப்பே சொல்லும். 'பகை' போன்று வீட்டில் அதிகம் வழங்காத சொல்லாயின், நான்கைந்து வாக்கியங்களில் அதனைப் புழங்கவிட்ட பின்னரே 'நட்பு' என்னும் விடையை எதிர்பார்க்கலாம்.