முற்றிய புற்றுநோயில் சிறுநீர் மாற்றுவழி

சிறுநீர் மாற்றுவழி என்பது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் அடைபடும்போது சிறுநீரை வெளியேற்றச் செய்யப்படும் சிகிச்சை ஆகும். கருப்பைவாய், புராஸ்டேட் புற்றுநோய்கள் முற்றினால் இருபக்கக் குழாய்களும் நெரிபடலாம். அப்போது இரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் கூடி, சிறுநீரகம் செயலிழக்கும்.

இதற்கு இரு முறைகள் உள்ளன. ஒன்று, குழாய்க்குள் டி.ஜே. ஸ்டென்ட் வைப்பது. மற்றொன்று நெஃப்ராஸ்டமி: முதுகுப்புறம் துளையிட்டுச் சிறுநீரகத்தில் குழாய் செருகி, வெளியே பையில் சிறுநீரைச் சேர்ப்பது. இரண்டையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொற்றும் அடைப்பும் ஏற்படலாம்.

கிரியேட்டினின் குறைவது மட்டுமே பயன் ஆகாது. கிடைக்கும் காலம் எதற்கு உதவும் என்பதே முக்கியம். இன்னும் சிகிச்சை தொடங்காத கருப்பைவாய்ப் புற்றுநோயாளிக்குச் சிஸ்பிளாட்டின் மருந்து தரச் சிறுநீரகம் இயங்க வேண்டும். அவருக்கு இது பெரிதும் உதவும். எல்லாச் சிகிச்சையும் முடிந்து படுக்கையில் இருப்பவருக்கோ, வலியுடன் கழியும் நாட்களையே நீட்டக்கூடும்.

வடசென்னையில் கல்மண்டபம், இராயபுரம் பகுதியினருக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், குழாய் மாற்ற மீண்டும் மீண்டும் வரும் அலைச்சலும் துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும் முடிவில் இடம்பெற வேண்டியவை.

யூரியா கூடினால் நினைவு மங்கும். ஆகவே தெளிவு இருக்கும்போதே நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழாய் வேண்டாம் என்பவருக்கும் வலிதணிப்புச் சிகிச்சை தொடர வேண்டும். மார்ஃபின் உடலில் தேங்கும் என்பதால், அளவைக் குறைத்தோ ஃபென்டனில் போன்ற மாற்று மருந்தாகவோ தரப்படும்.