கிடேரிக்கு முதல் சினை ஊசி எப்போது?



கறவை மாட்டுக் கடன் பற்றிப் பேச்சு வந்தாலே குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியும் கூடவே வரும். "கிடேரி கத்துதுங்க, ஊசி போட்டுடலாமா?"

காவேரிப்பட்டினம் பக்கம் நம் கொட்டகையில் நிற்பது பெரும்பாலும் ஜெர்சி கலப்பு அல்லது எச்.எஃப். கலப்பு. நல்ல தீனி கிடைத்தால் இவை 10, 12 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் கத்துகிற கிடேரியெல்லாம் கன்று சுமக்கத் தயாரான கிடேரி அல்ல. தவணை கட்டணும், பால் சீக்கிரம் வரணும் என்ற நெருக்கடி நமக்கும் தெரியும். அந்த நெருக்கடியில்தான் அவசரப்படுகிறோம்.

இடுப்பெலும்பு வளராத கிடேரிக்கு ஈனும்போது கன்று மாட்டிக்கொள்ளும். இழுத்து எடுப்பதில் கன்று போகும், சில நேரம் தாயும் போகும். பிழைத்தாலும், தான் வளர வேண்டிய தீனியைக் கன்றுக்கும் பாலுக்கும் பங்கு போட்டு, முதல் ஈத்தில் பால் குறையும். அடுத்த சினை பிடிக்கவும் நாளாகும். மாடு போனாலும் தவணை நிற்காதே!

அதனால் வயதை மட்டும் பார்க்காமல் எடையையும் பாருங்கள். ஜெர்சி கலப்பு என்றால் 200 முதல் 220 கிலோ, எச்.எஃப். கலப்பு என்றால் 250 கிலோ வர வேண்டும். எடை மேடைக்கு எங்கே போவது? தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து வாலடிப் பக்கத்து எலும்பு முனைவரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். நெஞ்சு 57, நீளம் 48 என்றால் சுமார் 236 கிலோ. கணக்குப் போட வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கவே இருக்கிறது.

பிறக்கும்போது 22 கிலோ இருந்த கன்று நாளுக்கு 450 கிராம் ஏறினால் 15 மாதத்தில் 220 கிலோவைத் தாண்டும். 300 கிராம்தான் ஏறினால் 22 மாதம் ஆகும். ஏழு மாதத் தீனிச் செலவு வீண். ஆகவே குடற்புழு மருந்து, பசுந்தீவனம், தாது உப்புக் கலவை எல்லாம் கன்றுப் பருவத்திலேயே வேண்டும். கறக்கிற மாட்டுக்கு மட்டும் தவிடு வைத்துவிட்டு கிடேரியை வைக்கோலோடு விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம்!

குந்தாரப்பள்ளி சந்தையில் கிடேரி வாங்கினால் சொன்ன வயதை நம்பாமல் பல்லைப் பாருங்கள். இரண்டு பல் போட்டிருந்தால் சுமார் 2 வயது. ஆலம்பாடி போன்ற நாட்டு மாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது பருவத்துக்கு வரவே இரண்டரை, மூன்று வயது ஆகலாம். கலப்பினக் கிடேரி 2 வயதாகியும் கத்தவில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

எடை வந்த பிறகு, காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடலாம். இந்த முறை தவறினாலும் சுமார் 21 நாளில் மறுபடி பருவம் வரும். சிறிய உடம்புக் கிடேரிக்கு முதல் ஈத்துக்கு ஜெர்சி ஊசியே கேளுங்கள், எச்.எஃப். கன்று பெரிதாக இருக்கும். ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேதியிலிருந்து சுமார் 280 நாளில் கன்று. அந்த வாரம் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962ஐக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.